உருகும் அச்சும் உருகாத நாணயமும்



துவரம்பருப்பு விலை, எண்ணெய் டின் எடை, உரிமம் புதுப்பித்தல், வரிக் கணக்கு என்று பேசியே பழகியவர்கள் நாம். இந்த முறை பொம்மை வார்க்கும் அச்சைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறோம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார்களே என்று சிரிக்க வேண்டாம். முடிச்சு நம் கடை அலமாரியிலேயே இருக்கிறது. அது எங்களுக்கே ஒரு தவறு செய்த பிறகுதான் தெரிந்தது. அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறோம்.

சென்ற ஆண்டு ஆவணி மாதக் கடைசி. சேலையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் எங்கள் கடைக்கு வந்தார். பல வருட வாடிக்கை. "அண்ணாச்சி, சைனா கிராஸ் தூளா இருந்தா அரைக் கிலோ கொடுங்க" என்றார். நாங்கள் ஏதோ விசேஷத்துக்கு இனிப்புச் செய்யப் போகிறார் என்று நினைத்துக் கொண்டோம். கடைப் பையன் உள்ளே போய் அரைக் கிலோ கட்டிக் கொடுத்தான். பணம் வாங்கிப் போட்டோம். அத்தோடு மறந்தோம்.

நான்கு நாள் கழித்து அந்த அம்மாள் திரும்ப வந்தார். மீதிப் பொட்டலத்தைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். கூடவே ஒரு சின்னப் பொம்மையையும் வைத்தார். கடைக்கார செட்டியார் பொம்மை. அவர் மாமியார் காலத்துக் கொலுவில் இருந்ததாம். அதைப் போல் இன்னும் சில செய்து அக்கம்பக்கத்தில் விற்கலாம் என்றுதான் அந்தத் தூளை வாங்கியிருக்கிறார். உருக்கிப் பழைய பொம்மையின் மேல் ஊற்றி, இறுகியதும் அறுத்து எடுத்து, அந்தக் குழியில் பிளாஸ்டர் ஆஃப் பாரீஸ் ஊற்றியிருக்கிறார். பொம்மை மூக்கும் முழியுமாக அருமையாக வந்திருந்தது.

"பொம்மை நல்லா வந்திருக்கு அண்ணாச்சி. ஆனா இது சைனா கிராஸ் இல்ல. கொதிக்கறதுக்கு முன்னாலயே கரையுது, வாசனை வேற மாதிரி இருக்கு. இது ஜெலட்டின்" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தோம். இரண்டு தூளையும் மூட்டையிலிருந்து பிரித்துப் பக்கத்துப் பக்கத்து டின்னில் கொட்டி வைத்திருந்தோம். ஒரு டின்னின் சீட்டு ஈரத்தில் உரிந்து விழுந்திருந்தது. பையன் மேல் குற்றமில்லை. குற்றம் எங்கள் மேல்.

அவர்கள் வீடு சுத்த சைவம். ஜெலட்டின் மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. அதை அவர் தினமும் சமைக்கும் பாத்திரத்தில், தினமும் சமைக்கும் அடுப்பில் ஏற்றியிருக்கிறார். சத்தம் போட்டிருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் நிதானமாகச் சொன்னார்: "நீங்க தெரிஞ்சு கொடுத்திருக்க மாட்டீங்க. பொம்மைக்கு இதுதான் சரின்னு சொல்லியிருந்தா, பின்கட்டுல தனி அடுப்பு, தனிப் பாத்திரம் வெச்சு நானே செஞ்சிருப்பேன். அதை நான் முடிவு பண்ணியிருக்கணும். உங்க டின்னு முடிவு பண்ணிடுச்சு."

நாற்பது வருடத்துக்கு மேல் தராசு பிடித்த எங்களுக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. எடையில் ஒரு கிராம் குறைத்ததில்லை என்று பெருமை பேசுகிறோம். எடை சரி, சரக்கு வேறு என்றால் அந்தப் பெருமை எதற்கு?

பழைய வித்தை, புதுப் பெயர்

அதன் பிறகு இந்தப் பொருளைப் பற்றி விசாரித்தோம். கைவினைக்காரர்கள் இதை 'உருக்கி வார்க்கும் அச்சு' என்கிறார்கள். ஜெலட்டினையும் கிளிசரினையும் தண்ணீருடன் சேர்த்து உருக்கினால் ரப்பர் போல வளையும் ஒரு பண்டம் கிடைக்கிறது. வேலை முடிந்ததும் அதே அச்சைத் துண்டு போட்டு மறுபடி உருக்கி வேறு பொம்மைக்கு அச்சாக்கலாம். வெளிநாட்டில் இதைத் தயார்க் கலவையாக டப்பாவில் அடைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள்.

புதிது போலத் தெரிகிறது. ஆனால் நமக்குப் பழையதுதான். நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் பில் புத்தகங்களும் கடைத் திறப்பு விழா நோட்டீசுகளும் டிரெடில் அச்சகத்தில் அடித்து வந்த காலம். அந்த இயந்திரத்தில் எழுத்துக்கு மை தடவும் உருளை ஒன்று உண்டு. தொட்டால் அல்வா போல மெத்தென்று இருக்கும். அது வச்சிரமும் கிளிசரினும் வெல்லப்பாகும் சேர்ந்த கலவையில் வார்த்தது. தேய்ந்து போனால் தூக்கி எறிய மாட்டார்கள். உருக்கி மறுபடி வார்ப்பார்கள். சித்திரை வெயிலில் உருளை இளகிவிட்டது, நோட்டீசு நாளைக்குத்தான் என்று அச்சகக்காரர் கையை விரித்த நாட்களும் உண்டு.

வச்சிரம் என்பது தச்சர்கள் காய்ச்சி மரத்தை ஒட்டும் பழைய பசை. தோல் பதனிடும்போது மிஞ்சும் சவ்விலும் துண்டிலும் காய்ச்சி எடுப்பது. அதையே சுத்தமாக, நிறமில்லாமல் எடுத்தால் ஜெலட்டின். நம் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? 1910-களில் அங்கே தொடங்கிய குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. தோல் பதனிட்ட ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தோலிலிருந்து வரும் பொருளை நாம் அந்நியமாகப் பார்க்கிறோம்!

இன்னும் பின்னால் போனால் சுவாமிமலை. அங்கே ஸ்தபதிகள் தேன்மெழுகு, குங்கிலியம், கடலெண்ணெய் சேர்த்து உருக்கிய மெழுகில் முதலில் சிலையைச் செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காய வைத்துச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் மெழுகு உருகி வெளியேறும். அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். பிறகு மண்ணை உடைத்துச் சிலையை எடுக்கிறார்கள். அங்கே மாதிரி உருகுகிறது, அச்சு உடைகிறது. அதனால் ஒவ்வொரு சிலையும் ஒன்றே ஒன்றுதான். நாம் பேசும் வித்தையில் அச்சே உருகுகிறது; மாதிரி அப்படியே பத்திரமாக இருக்கிறது. வீட்டில் இருக்கும் ஒரே ஒரு பழைய பொம்மையைப் பழுதில்லாமல் படியெடுக்க இதைவிட எளிய வழி கிடையாது.

கடல்பாசியா, ஜெலட்டினா?

இந்த இடத்தில் நாம் சரக்குத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். இரண்டும் வெண்மையான தூள். இரண்டும் இறுகினால் ஜெல்லி. ஆனால் குணம் வேறு.

சைனா கிராஸ் என்கிற அகர் அகர் கடல்பாசியிலிருந்து வருவது. ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கி மூழ்கிப் பாசி பறித்துக் கொண்டு வருகிறார்களே, அந்தப் பாசியில் சில வகைகளிலிருந்து எடுப்பது. சைவம். ஏறக்குறைய 85 டிகிரி வரை சூடு ஏறினால்தான் உருகும். ஆறி 40 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் இறுகும். ஒரு முறை இறுகிவிட்டால் நம் ஊர் வெயிலுக்கு அசையாது. ஆனால் பொறுக்குத் தன்மை உண்டு. இழுத்தால் கிழியும். காற்றில் வைத்தால் தண்ணீர் வற்றிச் சுருங்கும்.

ஜெலட்டின் சுடுதண்ணீரிலேயே கரையும். கிளிசரின் சேர்த்தால் நன்றாக வளையும். பொம்மையின் மூக்கு, காது, மடித்த கை போன்ற இடுக்குகளிலிருந்து கிழியாமல் உரிந்து வரும். ஆனால் சூடு தாங்காது.

இந்த வித்தியாசத்துக்கு உலகமே சாட்சி. 1881-ஆம் ஆண்டு ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்த்துப் பார்த்துக் கொண்டிருந்தார். கோடை வந்தால் ஜெலட்டின் இளகி ஓடிவிடும், ஆராய்ச்சி கெட்டுப்போகும். அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, "என் சமையலறை ஜெல்லி வெயிலில் இளகுவதில்லையே, அதைப் போட்டுப் பாருங்கள்" என்று அகர் அகரைக் காட்டினார். ஜாவாவில் வாழ்ந்த தெரிந்தவர்களிடமிருந்து அவர் கற்ற சமையல் பக்குவம் அது. இன்றைக்கும் உலகம் முழுவதும் கிருமி ஆய்வு அகர் அகர் மேல்தான் நடக்கிறது. மளிகைச் சாமான் ஒன்று ஆய்வுக்கூடத்துக்குள் போன கதை இது.

பல் மருத்துவர்களும் 1920-களின் நடுவிலிருந்து அகர் அகரை உருக்கிப் பல்லுக்கு அச்செடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகர் அகர் வருவது நின்றது. அதன் பிறகுதான் வேறொரு கடல்பாசிச் சத்தான ஆல்ஜினேட் அந்த இடத்துக்கு வந்தது. ஆல்ஜினேட்டை ஒரு முறை இறுகிய பின் திரும்ப உருக்க முடியாது.

ஆகவே வாடிக்கையாளர் வந்து கேட்டால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "எதற்கு?" சாப்பிடவா, அச்சுக்கா? அச்சுக்கு என்றால், ஊற்றப் போவது பிளாஸ்டரா, மெழுகா, களிமண்ணா?

பிளாஸ்டர் என்றால் ஜெலட்டின் அச்சு நன்று. ஆனால் பிளாஸ்டர் இறுகும்போது தானே சூடாகும். மெல்லியதாக ஊற்றி, இறுகியதும் தாமதிக்காமல் எடுக்க வேண்டும். அச்சின் உட்புறத்தில் படிகாரத் தண்ணீர் தடவி உலர்த்தினால் மேல்தோல் கெட்டிப்படும். இது பழைய கைத்தொழில்காரர்களின் பக்குவம். படிகாரம் எந்த மளிகைக் கடையில் இல்லை?

மெழுகுவத்தி என்றால் உருகிய மெழுகின் சூட்டில் ஜெலட்டின் அச்சு கரைந்துவிடும். அகர் அகர் தாங்கும். ஆனால் சில முறைதான்.

களிமண் என்றால் இரண்டுமே ஆகாது. களிமண்ணின் ஈரத்தை அச்சு உறிஞ்ச வேண்டும். அதற்குப் பிளாஸ்டர் அச்சுதான் சரி. விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார் செய்கிறேன் என்று வருபவர்களிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். நீரில் கரைக்கும் சிலைகளைப் பிளாஸ்டரில் செய்யக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மே மாத நெறிமுறைகளில் தடை விதித்தது. கொலுப் பொம்மை வீட்டிலேயே இருப்பது, ஏரியில் கரைப்பதல்ல. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் சரக்கை விற்றால் நாளைக்கு அந்த எளிய குடும்பத்தின் முதலீடு முடங்கும்.

"திரும்ப உருக்கினால் திரும்ப வாங்குவார்களா?"

இதைப் பற்றி நம் வட்டாரக் கடைக்காரர்கள் சிலரிடம் பேசினோம். பல்லாவரம் நண்பர் ஒருவர் சிரித்தார். "அண்ணாச்சி, ஒரு தடவை வாங்கினால் திரும்பத் திரும்ப உருக்கலாம் என்கிறீர்கள். அப்புறம் அவன் எதற்கு நம் கடைக்கு வருவான்? தீர்ந்து போகிற சரக்கை விற்பதுதானே வியாபாரம்?"

நியாயமான கேள்வி. எங்கள் பதில் இது. முதலாவது, எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம் என்பது பேச்சுக்குத்தான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் வற்றும். கொஞ்சம் தூசியும் சாந்தும் சேரும். அடி பிடித்துக் கருகினால் பிடிப்புப் போகும். நம் ஊர் ஈரக் காற்றில் சரியாக மூடி வைக்காவிட்டால் பூஞ்சை பூக்கும். ஆகவே புதுச் சரக்குச் சேர்க்கத்தான் வேண்டும். இரண்டாவது, அச்சு ஒன்று இருந்தால் அதில் ஊற்ற ஏதாவது வேண்டும். பிளாஸ்டர், மெழுகு, எண்ணெய், படிகாரம், சாயம், கட்டுவதற்கு அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் அவர் வருவார்.

மூன்றாவதுதான் முக்கியம். வாடிக்கையாளருக்குக் காசு மிச்சமாகும் சரக்கை அவர் கையில் கொடுக்கும் கடைக்காரனை அவர் மறக்க மாட்டார். நம் தாத்தாக்கள் எண்ணெய்ப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை வடிய விட்டுக் கொடுத்தார்கள். அதனால் அவர்கள் ஏழையாகப் போய்விடவில்லை. பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் கொண்டு வந்து போடுகிறவர்களோடு இன்று நாம் போட்டி போடுகிறோம். வேகத்தில் ஜெயிக்க முடியாது. விலையிலும் எல்லா நாளும் முடியாது. "இது உங்கள் வேலைக்கு ஆகாதம்மா, அதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல நம்மால்தான் முடியும். அதற்குச் சரக்குத் தெரிய வேண்டும். சரக்கைவிட முக்கியம், உண்மை சொல்ல வேண்டும்.

பெருங்களத்தூர், முடிச்சூர், மேடவாக்கம், பம்மல், அனகாபுத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டிலிருந்தே ஏதாவது செய்து விற்கும் பெண்களைப் பார்க்கிறோம். மெழுகுவத்தி, சோப்பு, கொலுப் பொம்மை, திருமணத் தாம்பூலத்தோடு கொடுக்கும் சின்னப் பரிசுப் பொருள். சிலிக்கான் ரப்பர் அச்சுக்கு ஆகும் செலவு அவர்களில் பலருக்குக் கட்டுப்படியாகாது. பொம்மை விலை போகுமா போகாதா என்று தெரிவதற்கு முன்பே அச்சுக்குப் பணம் போட வேண்டும். உருக்கி வார்க்கும் அச்சில் அந்தப் பயம் இல்லை. ஒரு உருவம் விலை போகவில்லையா? அச்சை உருக்கி வேறு உருவம் செய்யலாம். முதலுக்கு மோசமில்லை. முதல் இல்லாதவனுக்கு இதைவிடப் பெரிய உதவி என்ன?

நாம் செய்ய வேண்டியது

இப்போது எங்கள் கடையில் நாங்கள் மாற்றிக் கொண்டதைச் சொல்கிறோம். அறிவுரையாக அல்ல, அடிபட்டவன் சொல்வதாக எடுத்துக் கொள்ளுங்கள்.

ஒன்று. ஜெலட்டினையும் அகர் அகரையும் பிரித்துக் கொட்டி விற்பதை நிறுத்திவிட்டோம். கம்பெனி பொட்டலம் அப்படியே போகிறது. உணவுத் தர ஜெலட்டின் பொட்டலத்தில் அசைவத்துக்கான பழுப்பு முக்கோணக் குறி இருக்கிறதா, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பார்த்தே கொள்முதல் செய்கிறோம்.

இரண்டு. தொழில் தர ஜெலட்டின் விலை மலிவு. அதை உணவுச் சரக்கு இருக்கும் அறையிலேயே வைப்பதில்லை. கடையின் மறு பக்கத்தில், பெயிண்ட் பிரஷ்ஷும் சணல் கயிறும் இருக்கும் இடத்தில், "சாப்பிடக் கூடாது" என்று பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். மூன்று மாதம் முன்பு ஒரு சில்லறைக் கடைக்காரர் வந்து, "அந்த மலிவுத் தூளையே கொடுங்கள், ஜெல்லி மிட்டாய் போடுகிறவர் ஒருவர் கேட்கிறார்" என்றார். மறுத்தோம். அவர் மற்றச் சரக்குக்கும் வருவதை நிறுத்திவிட்டார். மாதா மாதம் நல்ல கொள்முதல் செய்தவர். நட்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏதோ ஒரு பள்ளிக்கூட வாசலில் ஒரு குழந்தை அந்த மிட்டாயை வாங்கித் தின்னும் என்பது நமக்குத் தெரிந்த பிறகு, கல்லாவில் விழும் அந்தப் பணத்தை எப்படி எண்ணுவது?

மூன்று. அச்சுக்கு வாங்குகிறவர்களிடம் மூன்று வார்த்தை சொல்லி அனுப்புகிறோம். தனிப் பாத்திரம் வையுங்கள். நேரடித் தீயில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் பாத்திரத்தை இறக்கி உருக்குங்கள். கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பார்ப்பதற்கு அல்வாத் துண்டு போலவே இருக்கும். ஒரு முறை அச்சான பண்டம் திரும்பச் சமையலுக்குப் போகவே கூடாது.

நான்கு. சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் ஒரு அரை மணி நேரத்தைச் சரக்கு அறிவுக்கு ஒதுக்க வேண்டும். ஒரே மாதிரி தெரியும் இரண்டு பொருள்களை மேசை மேல் வைத்து வித்தியாசத்தைச் செய்து காட்டலாம். சமையல் சோடாவும் சலவை சோடாவும், தேன்மெழுகும் பாரஃபின் மெழுகும், ஜெலட்டினும் அகர் அகரும் என்று பட்டியல் நீளும். நம் கடைப் பையன்களையும் அழைத்து வர வேண்டும். டின்னில் கை விடுவது அவர்கள்தானே?

அந்தச் சேலையூர் அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைக்கு அரைக் கிலோவுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பாத்திரத்துக்கும் விலை தருகிறோம் என்றோம். பாத்திரத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு மாதம் எங்கள் கடைப் பக்கம் வரவில்லை. கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள் வந்தார். மளிகைச் சீட்டைக் கொடுத்தார். கடைசி வரியில், "ஜெலட்டின் ஒரு கிலோ, பொம்மைக்கு" என்று எழுதியிருந்தது. பின்கட்டில் தனி அடுப்புப் போட்டுவிட்டாராம்.

பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தோம். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, முத்திரையைப் படித்து, பெயரைப் படித்து, அதன் பிறகே பையில் போட்டார். முன்பெல்லாம் எங்கள் கடையில் அவர் எதையும் படித்துப் பார்த்து வாங்கியதில்லை. அச்சு கெட்டால் உருக்கி மறுபடி ஊற்றிக் கொள்ளலாம். வாடிக்கையாளர் வைத்த நம்பிக்கையை அப்படி ஊற்ற முடியாது. கெடாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.

வாழ்க வணிகம்! வளர்க நம் ஒற்றுமை!

— தாம்பரம் மொத்த வியாபாரி ஒருவர்